அம்மாவைப் பெண் கேட்ட ஞாயிற்றுக்கிழமை

1

லிமரிக்கில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் தேநீர் அறையில் போன வாரம் ஒரே கொண்டாட்டம். எங்கள் வார்டில் இருக்கும் நோரா என்ற இளம் நர்ஸ், விரலில் புது மோதிரத்தோடு வந்திருந்தாள். அவளுடைய நண்பன், எங்கே போகிறோம் என்று சொல்லாமலேயே அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், கடலோரத்துப் பாறையில் மண்டியிட்டுக் கேட்டானாம். அன்று நல்ல மழை. எழுந்தபோது அவன் கால்சட்டை முழுக்கச் சேறாம். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் தங்களைக் கேட்ட கதையை ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னை யாரும் கேட்கவில்லை. என் வீட்டில் கேட்டார்கள், வீட்டில் சரி என்றார்கள்" என்றேன். "ஆனால் எங்கள் அம்மாவைக் கேட்டார்கள். இதே மாதிரிதான், சொல்லாமல் கொள்ளாமல் வெளியே கூட்டிக்கொண்டு போய்."

நோரா அன்பாகத் திருத்தினாள். "உங்கள் அப்பா உங்கள் அம்மாவைக் கேட்டார். அதைத்தானே சொல்ல வருகிறீர்கள்?"

அயர்லாந்துக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. இன்னும் என் ஆங்கிலத்தை யாராவது இப்படி மென்மையாகத் திருத்துகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும். இந்த முறை அப்படியில்லை.

"அப்பா இல்லை. அவர் இறந்து ரொம்ப நாளாகிறது. இது போன வருஷம் நடந்தது. அம்மாவுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது."

யாரோ கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தார்கள். முழுக் கதையையும் சொல்வதற்குள் இடைவேளை முடிந்துவிட்டது. அங்கே பாதியில் விட்டதை இங்கே எழுதுகிறேன். ஓசூர் குளிரும் கம்பெனி பஸ்ஸும் உங்களுக்கு விளக்காமலே தெரியும் என்பதில் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

2

நாங்கள் கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு கிராமத்துக் கத்தோலிக்கக் குடும்பம். தாத்தா காலம் வரை மற்றவர்கள் நிலத்தில் கூலி வேலை. அப்பாதான் முதலில் ஓசூருக்கு வந்தார், கிரானைட் பட்டறை ஒன்றில் கல் ஏற்றும் வேலைக்கு. நான் பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த மாதமே அம்மா, கார்களுக்கு ஒயரிங் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். அவர் பெயர் ஆரோக்கிய மேரி. பலகையின் முன்னால் நின்றபடி நிறம் பார்த்து ஒயர்களை அடுக்கி, நாடா சுற்றிக் கட்ட வேண்டும். அந்த வேலையில்தான் என்னை நர்சிங் படிக்க வைத்தார். இப்போது அதே கம்பெனியில் லைன் லீடர்.

நான் இங்கே வந்து வீடு எடுத்ததும் அம்மாவை என்னோடு வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். விசாரித்த இடத்திலெல்லாம் ஒரே பதில். பெற்றோர் பார்த்துவிட்டுப் போகலாம், தங்க முடியாது. ஒரு முறை மூன்று மாத விசாவில் வந்தார். டப்ளின் விமான நிலையத்தில் அதிகாரி, எவ்வளவு நாள் இருப்பீர்கள் என்று கேட்டார். அம்மா தயங்காமல், "ஒன் குவார்ட்டர், சார்" என்றார். கம்பெனியில் மூன்று மாதக் கணக்குக்கு அதுதான் பெயர். அதிகாரி சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

அந்த மூன்று மாதமும் அம்மா ஜன்னலோரத்தில்தான் இருந்தார். நானும் என் கணவர் டேவிட்டும் மாறி மாறி ஷிப்ட் போவோம். மகள் இவா பள்ளிக்குப் போய்விடுவாள். வந்தாலும் அவள் தமிழ் நான்கு வார்த்தையில் முடிந்துவிடும், பிறகு ஃபோன்தான். "இங்க எல்லாரும் நல்லவங்கதான். ஆனா ஒரு சத்தமும் இல்லையேம்மா" என்றார் அம்மா ஒரு நாள். திரும்பிப் போகும்போது விமான நிலையத்தில் அழுதது நான் மட்டும்தான். அவர் ஊருக்குப் போகிற சந்தோஷத்தை மறைக்கப் படாத பாடு பட்டார்.

3

முனிராஜ் என்ற பெயரை நான் நர்சிங் படிக்கும் காலத்திலிருந்தே கேட்டிருக்கிறேன். அம்மாவின் கம்பெனி பஸ்ஸை ஓட்டுபவர். தளிப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம் பேசுபவர். தங்கைகள் இரண்டு பேருக்கும் கல்யாணம் செய்து கொடுத்ததில் வயது போய்விட்டது, தனக்கென்று செய்துகொள்ளவில்லை. பஸ்ஸில் வரும் பெண்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். அம்மாவும் ஃபோனில் அப்படித்தான் சொல்வார். இன்னைக்கு முனிராஜண்ணன் பஸ்ஸ லேட்டா எடுத்தாரு. முனிராஜண்ணன் ஊர்லேர்ந்து பீன்ஸ் கொண்டாந்து குடுத்தாரு.

தூர தேசத்தில் இருப்பவர்களுக்கு ஊர் என்பது குரல்தான். அதனால் ஒரு வார்த்தை மாறினாலும் காதில் விழுந்துவிடும். ஒரு நாள் அம்மா, "முனிராஜ் சொன்னாரு" என்றார். அண்ணன் இல்லை. ஏதோ அவசரம் என்று விட்டுவிட்டேன். அதற்கப்புறம் அண்ணன் திரும்பி வரவே இல்லை. இன்னும் சில மாதத்தில் முனிராஜும் போய், "அவரு சொன்னாரு" ஆகிவிட்டது. எவரு என்று நான் கேட்கவில்லை. வார்த்தை மாறியதே அம்மாவுக்குத் தெரியாது என்று தோன்றியது.

நவம்பரில் ஒரு மாலை, பஸ் நிறுத்தத்தில் குடையோடு நின்றிருந்தபோது, தெரியாத இந்திய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"நான் முனிராஜ் பேசறேம்மா. கம்பெனி பஸ் டிரைவர்."

அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அவருக்கே புரிந்திருக்க வேண்டும்.

"அம்மா நல்லா இருக்காங்க, பயப்படாத. நான்தான் ஒரு விசயம் கேக்கணும். உங்கம்மாகிட்ட கேக்கற விசயம். அதுக்கு முன்னாடி உன்னக் கேக்கணும்ல."

"சொல்லுங்க."

"கல்யாணம் பண்ணிக்கலாமான்னு." உடனே அவரே கேட்டார். "லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"உனக்குப் புடிக்கலன்னா இப்பவே சொல்லிரு. நான் கேக்கவே மாட்டேன். அவங்களுக்கு இப்படி ஒண்ணு இருந்துதுன்னே தெரியாது. பஸ்ஸு எப்பவும்போல ஓடும்."

என் பஸ் வந்து நின்று, கதவைத் திறந்து, என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மழையில் நின்றுகொண்டே யோசித்தேன். அம்மாவின் தம்பி, என் மாமா, என்ன சொல்வார், பங்குக் கோயிலில் என்ன பேசுவார்கள், எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. கடைசியில், ஷிப்ட் முடிந்து அம்மா வீட்டுப் பூட்டைத் திறக்கும் சத்தம்தான் நினைவில் நின்றது. ஃபோனில் பேசிக்கொண்டே திறப்பார். உள்ளே விளக்கு போடும் சத்தமும் கேட்கும்.

"என்னக் கேக்க வேணாம்ணா" என்றேன். "அவங்களக் கேளுங்க."

"அதான் எப்படிக் கேக்கறதுன்னு தெரியலையேம்மா" என்றார் அவர். பயந்த குரல் அது. எனக்கு அந்த நிமிஷத்திலேயே அவரைப் பிடித்துவிட்டது.

அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் கூட்டாளிகள். இங்கே எப்படியெல்லாம் கேட்கிறார்கள் என்று நான் சொன்னேன். மோதிரம் என்றதும், "மோதிரம் போட்டுகினு லைன்ல நிக்க முடியாதும்மா, ஒயர்ல மாட்டிக்கும்" என்றார். மண்டி போடுவதை நானே சொல்லவில்லை. வெளியே எங்காவது கூட்டிக்கொண்டு போவது மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருஷம் ஓசூரில் இருந்தும் கிருஷ்ணகிரி டேமைப் பார்த்ததே இல்லை என்று அம்மா எப்போதோ பஸ்ஸில் சொன்னாராம். கிறிஸ்துமஸ் லீவுக்கு நான் வரும்போது போகலாம் என்று முடிவானது.

4

ஜனவரி மாதத்து முதல் ஞாயிறு. டேவிட்டுக்கு விடுமுறை கிடைக்கவில்லை, நானும் இவாவும்தான் வந்திருந்தோம். காலைப் பூசை முடிந்ததும் அம்மாவிடம், கிருஷ்ணகிரியில் ஒரு தோழியைப் பார்க்கப் போகிறோம், முனிராஜண்ணனைத்தான் வேன் எடுக்கச் சொல்லியிருக்கிறேன் என்றேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பூசைக்குக் கட்டிய புடவையை மாற்றவும் இல்லை.

முனிராஜ் பழைய ஆம்னி வேனைக் கழுவி, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். முன் சீட்டில் உட்காரச் சொன்னதற்கு அம்மா மறுத்துவிட்டார். பஸ்ஸில் எப்படியோ அப்படியே, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். இவா முன்னால் ஏறிக்கொண்டாள். நெடுஞ்சாலையில் லாரித் தொல்லை என்று அவர் ராயக்கோட்டைச் சாலையில் விட்டார். பனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தக்காளித் தோட்டம், அறுத்துக் குவித்த ராகிக் கதிர். டேமில் தண்ணீர் ஓரமாக எந்த மரத்தடியில் நிறுத்த வேண்டும், நானும் இவாவும் எப்போது ஐஸ் வாங்குகிற சாக்கில் நகர வேண்டும் என்பது வரை நாங்கள் பேசி வைத்திருந்தோம்.

சானமாவுக் காட்டருகே வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. வனத்துறைக் காவலர் ஒருவர் கையைக் காட்டி எங்களையும் நிறுத்தினார். ராகி தின்ன வந்த யானைக் கூட்டம் சாலைக்குப் பக்கத்தில் நிற்கிறது, தாண்டிப் போகும்வரை யாரும் இறங்கக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது.

"எவ்ளோ நேரம் ஆகும்ங்க?" என்றார் முனிராஜ்.

"அதுங்களத்தான் கேக்கணும்" என்றார் காவலர்.

அரை மணி நேரம் ஆனது. யானைகள் கண்ணிலேயே படவில்லை, மூங்கில் முறியும் சத்தம் மட்டும் கேட்டது. முனிராஜ் ஒரு டப்பாவைத் திறந்தார். விடியற்காலையில் அவரே எழுந்து செய்த சித்ரான்னம். அம்மா ஒரு வாய் போட்டுப் பார்த்து, "உப்பு கம்மி. ஆனா நல்லாருக்கு" என்றார். முனிராஜ் தலையை ஆட்டினார். டப்பாவைக் கொடுத்த பிறகு அவர் கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கவே இல்லை. நேரம் போகப் போக எங்கள் திட்டம் கலைவது தெரிந்தது. நாங்கள் டேமுக்குப் போய்ச் சேரும்போது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நிரம்பிவிடும்.

அப்போது இவா, யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில், பின்னால் திரும்பி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். "அம்மா, அவர் இப்போதே பாட்டியைக் கேட்கப் போகிறாரா, இல்லை அங்கே போயா?"

கம்பெனியில் இருபது வருஷம் ஆங்கிலம் கேட்டவர் எங்கள் அம்மா. பேத்தி பேசும் வேகம்தான் அவருக்குப் பிடிபடாது, வார்த்தைகள் பிடிபடும். அம்மா என்னைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைப் பார்த்தார். டிரைவர் தலைக்கு மேலே இருக்கும் அந்தக் கண்ணாடியில் முனிராஜின் கண்கள் தெரிந்தன.

"என்ன கேக்கணும்?" என்றார் அம்மா.

பதற்றத்தில் முனிராஜுக்குத் தமிழ் போய்விட்டது. கண்ணாடியைப் பார்த்தபடியே, "நன்ன மதுவெ ஆக்தீரா?" என்றார். என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்வீர்களா என்பதுதான். எங்கள் பக்கத்தில் கன்னடம் தெரியாதவர் யார்.

அம்மா டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"வண்டி நின்னுகினுதான இருக்குது" என்றார். "திரும்பிப் பாத்துக் கேளுங்க."

அவர் திரும்பினார். அத்தனை வருஷம் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசிப் பழகிய மனிதர். முகமெல்லாம் வேர்த்திருந்தது. தமிழில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "மேரிம்மா, எனக்கு உங்கள ரொம்பப் புடிக்கும். நீங்க எறங்கிப் போன பின்னாடி பஸ்ஸே காலியான மாதிரி இருக்கும். என்னக் கல்யாணம் பண்ணிக்கறீங்களா?"

"ஞாயித்துக்கிழம நான் கோயிலுக்குப் போவேன். அத விட மாட்டேன்."

"நானே கொண்டாந்து விடறேன். கூட்டிகினு வரேன்."

"நீங்க மாறணும்னும் கேக்க மாட்டேன். என்னையும் மாறச் சொல்லக் கூடாது."

"எனக்கு இப்ப இருக்கற மேரிம்மா போதும்."

அம்மா இன்னொன்றும் சொன்னார். "எங்க வூட்டுக்காரரு போட்டோ கூடத்துல இருக்குது. அது அங்கயேதான் இருக்கும்."

"இருக்கட்டும்" என்றார் முனிராஜ். "அவரு இருக்கற வூட்டுக்குத்தான நான் வரேன்."

எனக்கு அதற்கு மேல் பார்க்க முடியவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காவலர் விசிலடித்தார். "வழி விட்டாச்சு போல, எடுங்க" என்றார் அம்மா.

டேமை நெருங்கும்போது இவா மெதுவாக, சாரி என்றாள். அம்மா எட்டி அவள் தலையைத் தடவினார். டேமில் எதிர்பார்த்த மாதிரியே கூட்டம். அம்மா தண்ணீரைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார். முனிராஜ் பக்கத்தில் போகவில்லை. ஒதுங்கியிருந்த ஒரு கடையில் மீன் வறுவலுக்குச் சொல்லிவிட்டு, அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டிருக்கக் கூடாதோ என்று அவர் நினைப்பது முதுகிலேயே தெரிந்தது. நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். இலையில் மீன் வந்தது.

அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, கடைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"என்னங்க, மீன் ஆறுது. வந்து உக்காருங்க."

அம்மா அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார். அப்பா போன பிறகு அந்தக் குரலில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. முனிராஜ் முதலில் திரும்பவில்லை, வேறு யாரையோ என்று நினைத்துவிட்டார். அம்மா இன்னொரு தரம் கூப்பிட்டார். அவர் திரும்பி, யாரைக் கூப்பிடுகிறார் என்று பார்த்து, அதன் பின் புரிந்து, கையில் தண்ணீர் பாட்டிலோடு அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன ஆச்சு?" என்று என் தோளைத் தட்டினாள் இவா. "பாட்டி சரி என்று சொல்லவே இல்லையே."

சொல்லிவிட்டார் என்றேன். இதை அவளுக்கு ஆங்கிலத்தில் விளக்க எனக்கு ராத்திரி வரை ஆயிற்று.

5

மறுநாளே பதிவு அலுவலகம் போனோம். ஜன்னலுக்கு உள்ளே இருந்த எழுத்தர் எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, முனிராஜைக் காட்டி, "பொண்ணோட அப்பாவா?" என்று என்னைக் கேட்டார்.

"பொண்ணு நான்தாங்க" என்றார் அம்மா.

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு ரொம்ப மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார். அப்பாவின் இறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழை, அதைத் திருத்த இன்னொரு அலுவலகம். மதம் வேறு என்பதால் ஒரு மாத நோட்டீஸ் ஒட்ட வேண்டும். அதற்குள் என் லீவு முடிந்துவிடும் என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். சட்டம் அப்படித்தானம்மா என்றார் எழுத்தர். வருத்தத்தோடுதான் சொன்னார்.

பங்குச் சாமியாரிடம் அம்மா தனியாகப் போய்ப் பேசினார். தொடர்ந்து பூசையில் நன்மை அப்பம் வாங்க முடியுமா என்பதுதான் அவருடைய ஒரே கவலை. ஆயர் இல்லத்துக்கு எழுதி அனுமதி வாங்கிக் கோயிலிலேயே கல்யாணத்தை மந்திரித்துவிடலாம் என்று சாமியார் சொல்ல, அம்மா வெளியே வந்து என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அனுமதியும் வந்தது. மாமா மட்டும் கோபித்துக்கொண்டு ஃபோனை வைத்துவிட்டார். இன்றுவரை பேசவில்லை. பண்டிகைக்குப் பண்டிகை அம்மா அவருக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிறார். பாத்திரம் காலியாகத்தான் திரும்பி வருகிறது, அதுவரை நல்லது.

பதிவு அலுவலகத்தில் நடந்த கல்யாணத்தை நான் மருத்துவமனையின் உடை மாற்றும் அறையில், ஃபோனில் பார்த்தேன். அம்மாவின் லைனில் வேலை செய்யும் மூன்று பெண்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ஷிப்ட் முடிந்த கையோடு யூனிஃபார்மிலேயே வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி, இனி இவரை அண்ணா என்று கூப்பிட்டால் மேரி அக்காவை அண்ணி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். படம் நடுவில் நின்று நின்று வந்தது. அம்மா சிரிக்கும் இடத்தில் ஒரு முறை அப்படியே நின்றுவிட்டது. நான் சரி செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

6

இந்த ஜனவரியோடு டேமுக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. என்னால் அம்மாவை இந்த நாட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது யோசித்தால், மாட்டேன் என்று சொன்ன அந்த விசா அதிகாரிகளுக்கெல்லாம் ஒரு கும்பிடு போடலாம் போலிருக்கிறது. என் மகளுக்குத் தமிழே தகராறு, முனிராஜ் தாத்தாவோடு பேசிப் பேசி இப்போது கன்னடமும் சேர்ந்துகொண்டது. சாதத்தில் மோர் கேட்கும்போது "சொல்ப" என்கிறாள். கொஞ்சம் என்ற வார்த்தையை நான் பத்து வருஷமாகச் சொல்லிக்கொடுத்தேன், அது ஒட்டவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இன்று ஞாயிறு. காலையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டேன், அம்மா எடுக்கவில்லை. முன்பெல்லாம் இரண்டு முறை மணி அடித்தும் எடுக்காவிட்டால் எனக்குக் கை கால் ஓடாது. பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டு, கதவைத் தட்டிப் பார்க்கச் சொல்வேன். இன்று டீ போட்டுக்கொண்டு வந்து ஜன்னலோரத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் காற்றுச் சத்தம், வண்டிச் சத்தம், ஆண் குரல் ஒன்று கன்னடத்தில் யாரிடமோ வழி கேட்கிறது.

"தளிக்கு மேல எங்கயோ வந்துட்டோம்மா, டவரே இல்ல. எங்க போறோம்னு கேட்டா இவரு சொல்ல மாட்டேன்றாரு. நீ எதுக்குக் கூப்ட்ட, ஏதாச்சும் அவசரமா?"

அவசரம் ஒன்றும் இல்லை, நிதானமாகச் சுற்றிவிட்டு வாங்க என்று பதில் அனுப்பினேன். மத்தியானம் வரை அது போய்ச் சேரவில்லை.